‘முதலாம் வகுப்புக் கணக்குத்தானே மிஸ்!’

திருகோணமலையிலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 32. இரசாயனவியல் பட்டதாரி. சில வருடங்களாக உயர்தர மாணவர்களுக்கு ரியூஷன் கொடுத்துவந்தவர். இந்த வருடத் தொடக்கத்திலிருந்து நகரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் சனி, ஞாயிறுகளில் படிப்பிக்கிறார். ஆரம்பப் பிரிவு ஆசிரியராக வர விரும்புபவர்களுக்கான டிப்ளோமா அது. அதில் முதலாவது பாடமான ‘ஆரம்பக் கல்வி: ஓர் அறிமுகம்’ இவருடைய பொறுப்பு. வகுப்பில் 26 பேர், இரண்டு பேரைத் தவிர எல்லாரும் பெண்கள். மூதூர், கிண்ணியா, சாம்பல்தீவு, குச்சவெளி என்று நாலு பக்கத்திலிருந்தும் விடிய வெளிக்கிட்டு பஸ் பிடித்து வருகிறார்கள். உயர்தரம் முடித்து வீட்டில் இருந்த பிள்ளைகளும் உண்டு, கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு.

“முதல் நாளே ‘குறிப்புத் தாங்கோ மிஸ், பாடமாக்கிக்கொண்டு வாறம்’ என்றார்கள்” என்று எழுதுகிறார். “நான் புளியங்கொட்டை கொண்டுபோய், கழித்தலைச் செய்துகாட்டுங்கள் என்றேன். ‘முதலாம் வகுப்புக் கணக்குத்தானே மிஸ், இதுக்கேன் இவ்வளவு?’ என்று சிரித்தார்கள். அடுத்த கிழமை இரண்டு பேர் டைரக்டரிடம் போய், மிஸ் விளையாட்டுக் காட்டுறா, சிலபஸ் நகருதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, சிலபஸை முடித்துவிடுங்கோ, அதுதான் எல்லாருக்கும் நல்லது என்றார். சிலபஸ் என்று அவர் தந்த தாளில் பியாஜே, வைகொட்ஸ்கி, ஸ்கின்னர் என்று உளவியலாளர்களின் பெயர்கள்தான் வரிசையாக இருக்கின்றன.”

அதன் பிறகு அவர் ஒரு சின்னப் பின்னச் சோதனை வைத்திருக்கிறார். ½ + ⅓ என்ற கணக்குக்குப் பாதிப் பேருக்கு மேல் ⅖ என்று எழுதிக் கொடுத்தார்களாம். ‘எனக்குச் சின்னனிலேயே கணக்கு வராது மிஸ்’ என்று ஒருவர் அழுதேவிட்டார். இன்னொருவர், ‘சின்னப் பிள்ளையளுக்கு ரெண்டு அடி போட்டாத்தான் மண்டையில ஏறும்’ என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். ஒரு தாய் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருக்கிறார். இந்த டிப்ளோமா முடிந்ததும் அரசாங்க நியமனம் கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

ஆசிரியையின் கேள்விகள் இவை. பேசாமல் குறிப்புக் கொடுத்துவிடவா? ஒரு நாளும் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்காத எனக்கு இந்தப் பாடம் எடுக்க என்ன தகுதி? பின்னம் தெரியாதவர்களை எப்படிச் சித்தியடைய வைப்பது? பாடசாலைக்குக் கூட்டிப்போய் வகுப்பைப் பார்க்கவைக்க யாரிடம் அனுமதி கேட்பது? நியமனம் பற்றிய உண்மையைச் சொல்லவா, சொன்னால் டைரக்டர் கோபிப்பாரா? கடைசியில், “விலகிவிட்டால் நிம்மதி போல இருக்கிறது.”

*

ரீச்சர், உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது: “பாடம் அவர்களுக்குத் தெரியும்தானே, படிப்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நினைத்துத்தான் இந்தப் பொறுப்பை எடுத்தேன்.” மற்றக் கஷ்டங்களில் பாதி இந்த வரியிலிருந்துதான் கிளம்புகிறது. ‘முதலாம் வகுப்புக் கணக்குத்தானே’ என்று அவர்கள் சிரித்ததும் நீங்கள் இப்படி நினைத்ததும் ஒன்றுதான்.

சின்ன வகுப்புப் பாடம் செய்வதற்குச் சுகம், படிப்பிப்பதற்குச் சுகமில்லை. 52 − 27 என்ற கணக்கை எடுங்கள். உங்கள் 26 பேரும் யோசிக்காமலே 25 என்பார்கள். ஒரு பிள்ளை கொப்பியில் 35 என்று எழுதியிருந்தால் என்ன செய்வார்கள்? பிழை போட்டு, ‘கவனம் போதாது’ என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அந்தப் பிள்ளை மிகக் கவனமாகத்தான் செய்திருக்கிறது. ஒன்றினிடத்தில் 2இலிருந்து 7 போகாது. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கவேண்டும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வருகிறது. ஆகவே 7இலிருந்து 2 போனால் 5. பத்தினிடத்தில் 5இலிருந்து 2 போனால் 3. விடை 35. இதே பிள்ளைக்கு 68 − 23 கொடுத்தால் 45 என்று சரியாகச் செய்துவிடும், பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று ரீச்சரும் நம்பிவிடுவா. 74 − 38 கொடுத்துப் பாருங்கள், 44 என்று எழுதும். அது 44 என்றுதான் எழுதும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர்தான் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்.

பிள்ளையின் பிழையான விடையை வாசிக்கத் தெரிவது. உங்கள் பாடம் முதலில் பழக்கவேண்டியது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம். நூற்றி ஐந்து என்று சொல்லக் கேட்டு 1005 என்று எழுதுகிற பிள்ளை என்ன நினைத்தது? காதில் விழுந்தபடி நூறை எழுதி, பக்கத்தில் ஐந்தைப் போட்டது. அதை நூறுதரம் எழுதவைத்தால் கைதான் நோகும். அதற்கு வேண்டியது பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகள்.

வாசிப்பிலும் இதே கதைதான். ‘பொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். ஒரு உயிரொலிக்கு இரண்டு குறிகள், ஒன்று பகரத்துக்கு முன்னால், ஒன்று பின்னால். வாயில் முதலில் வருவது ப், கண்ணில் முதலில் படுவது கொம்பு. ஆறு வயதில் இதைத் தாண்டி வந்த உங்கள் மாணவிகளுக்கு அதில் ஒரு கஷ்டம் இருந்ததே மறந்துபோயிற்று. மறந்ததை ஞாபகப்படுத்த ஒரு வழி: நீங்களே பத்துக் குறியீடுகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி வைத்து, அந்தக் குறியீடுகளில் நாலு வரி எழுதி, போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள். எழுந்துநின்று சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுத்தடுமாறி ஒவ்வொரு குறியாகக் கூட்டி வாசித்து முடித்ததும், ‘இப்போது வாசித்ததன் கருத்து என்ன?’ என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. முதலாம் தரப் பிள்ளை வரியை வாசித்து முடித்துவிட்டு ஏன் முழிக்கிறது என்பது அப்போது விளங்கும்.

குறிப்புக் கேட்பது சோம்பேறித்தனம் அல்ல

குறிப்புக் கேட்கிறார்கள் என்று மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய பக்கத்திலிருந்து பாருங்கள். முதலாம் தரத்திலிருந்து 13ஆம் தரம் வரை, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் உட்பட, பாடமாக்கி எழுதித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். டான் லோர்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் இதைப் பற்றி எழுதினார்: ஆசிரியராக வருகிற ஒருவர் பயிற்சிக்குள் நுழைவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான மணித்தியாலங்கள் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ரீச்சர் ஏன் அந்த உதாரணத்தை எடுத்தா, ஏன் அந்தப் பிள்ளையிடம் கேட்டா என்பது அவர் கண்ணில் படவே இல்லை. சத்தமாகச் சொல்லி எழுதவைப்பதும் பிழை போடுவதும்தான் பட்டது. வகுப்பு என்றால் அதுதான் என்று அவர்கள் நினைப்பதில் ஆச்சரியமில்லை. அடி போட்டால்தான் ஏறும் என்று சொன்ன பிள்ளையும் தான் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறது.

ஆகவே குறிப்புக் கொடுங்கள். ஆனால் வகுப்பின் தொடக்கத்தில் அல்ல, முடிவில். அன்று வகுப்பில் கண்டுபிடித்ததையே ஒரு பக்கத்துக்குள் எழுதி, அன்று பின்னேரமே வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். கையில் ஒரு தாள் இருக்கிறது என்ற நிம்மதி வந்துவிட்டால் முறைப்பாடு பாதி குறையும். மீதி குறைய வேண்டுமானால் பரீட்சைத் தாளை மாற்றவேண்டும். ‘பியாஜேயின் பருவங்களை விளக்குக’ என்று கேட்டால் அவர்கள் பாடமாக்கத்தான் செய்வார்கள். ‘ஒரு பிள்ளை செய்த மூன்று கழித்தல்கள் கீழே உள்ளன. நாலாவது கணக்குக்கு அது என்ன விடை எழுதும், ஏன்?’ என்று கேளுங்கள். இதைப் பாடமாக்க முடியாது. தாளை நிறுவனம்தான் தயாரிக்கிறது என்றால், ஒப்படைக்கு ஒதுக்கிய புள்ளிகளையாவது உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பியாஜேயை விட்டுவிடவும் தேவையில்லை, அவருடைய சோதனை ஒன்றையே செய்துபார்க்க வைக்கலாம். ஒரே அளவான இரண்டு கிளாசில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒன்றை ஒடுங்கிய உயரமான கிளாசுக்கு மாற்றி, எதில் கூட என்று வீட்டிலுள்ள ஐந்து, ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். ஏழு வயதுக்குக் கீழே பல பிள்ளைகள் உயரமான கிளாசைக் காட்டும். அந்த விடையோடு ஞாயிறு வகுப்புக்கு வருபவர்களுக்கு நீங்கள் பியாஜேயைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை, அவர்களே கேட்பார்கள். அப்போது இதையும் சொல்லிவையுங்கள். தண்ணீரை மாற்றிய பிறகு அதே கேள்வியை மறுபடி கேட்டால், ‘முதலில் சொன்னது பிழை போல’ என்று நினைத்துப் பிள்ளை விடையை மாற்றுவதும் உண்டு என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள். வகுப்பில் ஒரு பிள்ளையிடம் ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்கும் ரீச்சர்மார் எல்லாரும் அறிந்திருக்கவேண்டிய சங்கதி இது.

‘விளையாட்டுக் காட்டுறா’ என்ற முறைப்பாட்டுக்கு டைரக்டரின் மேசையிலேயே பதில் வைக்கலாம். நம் நாட்டில் 1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 1, 2 ஒரு கட்டம், 3, 4 ஒரு கட்டம், 5 ஒரு கட்டம் என்று பிரித்து, விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் எந்த அளவில் கலப்பது என்றும் சொன்னது. முதற்கட்டத்தில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்குத்தான் முதலிடம். எழுத்துவேலை ஐந்தாம் தரத்தில்தான் மேலோங்குகிறது. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட முதலாம் தர ஆசிரியர் வழிகாட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். ‘சேர், இவர்கள் நாளைக்குச் செய்யப்போவதைத்தான் இன்றைக்குச் செய்விக்கிறேன்’ என்று சொன்னால் போதும், சண்டை வேண்டாம். கூடவே, தாளிலுள்ள ஒவ்வொரு தலைப்பும் எந்தக் கிழமையில் முடியும் என்று ஒரு அட்டவணையும் கொடுங்கள். நிறுவனம் நடத்துபவருக்குக் கட்டணம் கட்டியவர்கள் நின்றுவிடுவார்களோ என்ற பயம் இருக்கும், அது நியாயமான பயம்தான்.

ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால்

½ + ⅓ = ⅖ என்று எழுதியவர்களைப் பற்றி ‘அடிப்படையே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடிப்படை இல்லாமலில்லை. மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறார்கள். பின்னத்தை ஒரு எண்ணாக எண்ணாமல் இரண்டு முழு எண்களாக எண்ணியிருக்கிறார்கள். அரையோடு இன்னும் கொஞ்சத்தைக் கூட்டினால் அரையைவிடக் குறைய வருமா என்று கேளுங்கள், அவர்களே திகைத்துப்போவார்கள். அந்தத் திகைப்போடு பாடத்தைத் தொடங்கலாம்.

லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999இல் வெளியிட்ட ஒரு ஒப்பீட்டைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 23 ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களிடமும் சீனாவில் 72 பேரிடமும் ஒரே கேள்வி: 1¾ ÷ ½ எவ்வளவு, அதற்கு ஒரு கதைக் கணக்குச் சொல்லுங்கள். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகச் செய்தார்கள். அமெரிக்கர்களில் முழுமையாகச் சரியாகச் செய்தவர்கள் 9 பேர். இதில் கவனிக்கவேண்டியது, அமெரிக்க ஆசிரியர்கள் பட்டதாரிகள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலானவர்கள் ஒன்பதாம் வகுப்பு முடித்து இரண்டு மூன்று வருடம் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள். ஆகவே, ‘உயர்தரத்தில் மூன்று எஸ் (சாதாரண சித்தி) எடுத்த பிள்ளைகளிடம் என்னத்தை எதிர்பார்க்க’ என்ற உங்கள் வரியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

இதே கேள்வியை உங்கள் வகுப்பிலும் போடுங்கள். தலைகீழாக்கிப் பெருக்கினால் மூன்றரை வரும் என்று சிலர் சொல்லிவிடுவார்கள். கதை கேட்டால்தான் வண்டி நிற்கும். ‘ஒன்றேமுக்கால் கிலோ மாவை இரண்டு பேருக்குச் சரிபாதியாகப் பிரித்தால்’ என்று தொடங்குவார்கள். அது இரண்டால் வகுப்பது, அரையால் வகுப்பது அல்ல. யாராவது ஒருவர் அதைக் கண்டுபிடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்கவேண்டாம். பிறகு சமையலறைக்குப் போகலாம்: ஒருமுறை பிட்டு அவிக்க அரைக் கிலோ மா வேண்டும், வீட்டில் ஒன்றேமுக்கால் கிலோ இருக்கிறது, எத்தனை முறைக்குக் காணும்? மூன்று முறைக்கு ஒன்றரைக் கிலோ போனால் மிச்சம் கால் கிலோ. கால் கிலோ என்பது அரை முறைக்கான மா. அந்த ‘அரை’ கிலோவில் அரை அல்ல, முறையில் அரை. இந்த இடத்தில் அரை மணித்தியாலம் நின்றாலும் நஷ்டமில்லை. மூதூரிலிருந்து வருகிற ஒரு தாய் வருடக்கணக்காகச் செய்துவருகிற கணக்கு இது, எழுத்தில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

‘எனக்குக் கணக்கு வராது’ என்று அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்தியதோடு விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியைகள் 17 பேரின் வகுப்புகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. கணக்குப் பயம் கூடிய ஆசிரியைகளிடம் ஒரு வருடம் படித்த பெண்பிள்ளைகள், கணக்கு ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நம்பத் தொடங்கினார்கள், அப்படி நம்பியவர்களின் கணக்கும் பின்தங்கியது. ஆண்பிள்ளைகளிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. உங்கள் வகுப்பில் 24 பெண்கள். அவர்களுடைய பயம் அவர்களோடு நிற்காது என்பதை அவர்களிடமே சொல்லுங்கள், குற்றம் சொல்வதுபோல அல்லாமல்.

சரி, தெரியாதவர்களைச் சித்தியடைய வைப்பதா? என் பதில் கொஞ்சம் கண்டிப்பானது. ஆரம்பப் பிரிவுக் கணக்கிலிருந்து இருபது கேள்வி கொண்ட ஒரு தாள் தயாரியுங்கள். முதல் மாதம் எழுதட்டும். சித்தியடையாவிட்டால் அடுத்த மாதம் வேறு எண்களோடு எழுதட்டும், பிறகும் எழுதட்டும். புள்ளியை வாசித்துக் காட்டவேண்டாம், வரிசைப்படுத்தவேண்டாம், அவரவர் தாள் அவரவர் கையில். ஆனால் பாடநெறி முடியும்வரை அதைத் தாண்டாதவருக்குக் கையெழுத்து வைக்கவேண்டாம். பாவம் பார்த்து இந்த மேசையில் விட்டால், அந்தக் கஷ்டம் நாளை முப்பது பிள்ளைகளின் கொப்பிக்குப் போய்விடும். இந்த நிபந்தனையை இப்போதே டைரக்டருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் உங்கள் சொல் எடுபடாது.

உங்களுக்கு என்ன தகுதி

ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி: முதலாம் தர வகுப்பை உள்ளிருந்து பார்க்காமல் இந்தப் பாடத்தை நீண்டநாள் எடுக்க முடியாது. ஆனால் அதற்காகப் பத்து வருடம் படிப்பித்திருக்கவேண்டும் என்றில்லை. தெரிந்த ஒரு பாடசாலையில் அதிபரிடம் கேட்டு, சில காலை நேரங்கள் பின்வாங்கில் போய் உட்காருங்கள். படிப்பிக்கவேண்டாம், பாருங்கள். அப்புறம், உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் ஆரம்பக் கல்விக்கான ஆசிரிய ஆலோசகர் இருப்பார். அவரையோ, நீண்டகாலம் முதலாம் தரம் எடுத்த ஒரு ரீச்சரையோ ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். வருபவரிடம் விரிவுரை கேட்கவேண்டாம். மாணவிகள் கொண்டுவந்த பிழைக் கணக்குகளை அவர் கையில் கொடுத்து, இதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டால் போதும்.

உங்களிடம் இருப்பதையும் குறைத்து எண்ணவேண்டாம். இரசாயன ஆய்வுகூடத்தில் அளந்து பழகிய கை உங்களுடையது. அளவீடு சின்ன வகுப்பில் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? முதலில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, பிறகு சாணாலும் அடியாலும் அளப்பது, ஆளுக்கு ஆள் சாண் வேறுபட்டுச் சண்டை வந்த பிறகுதான் அடிமட்டம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் உங்கள் மாணவிகளைக் கூட்டிப்போய், கையால் தொட்டுப் பார்த்தே சூட்டின்படி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொருவர் வரிசையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். வாக்குவாதம் முற்றிய பிறகு வெப்பமானியை எடுங்கள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடு என்று பாடத்திட்டம் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரியாது.

பாடசாலைக்குள் கூட்டிப்போவது

அதிபர் தெரிந்தவர் என்பதால் 26 பேரோடு போய் நிற்கமுடியாது. நிறுவனத்தின் கடிதத்தாளில், எந்த நாள், எத்தனை பேர், எந்தத் தரம், என்ன நோக்கம் என்று எழுதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்பி, அதிபருக்குப் பிரதி கொடுங்கள். பாடசாலை எந்த வலயத்துக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள். மூதூர், கிண்ணியா, திருகோணமலை வடக்கு எல்லாம் தனித்தனி வலயங்கள், நகரத்து அலுவலகத்தில் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் நாள்தான் போகும். ஒரு வகுப்பறைக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். போனை வாசலிலேயே பையில் போட்டுவிடச் சொல்லுங்கள். பிள்ளைகளை வீடியோ எடுத்து வகுப்பில் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கூடாது. சம்மதம் கிடைத்தாலும் அது வட்ஸ்அப்பில் ஒருமுறை போனால் திரும்பி வராது. கொப்பிப் பக்கத்தைப் பெயர் தெரியாமல் படமெடுப்பது போதும்.

சும்மா பார்க்க அனுப்பினால் சும்மாதான் பார்ப்பார்கள். ஒரு வேலை கொடுங்கள். மேரி பட் ரோ என்பவர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கண்டது: ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுத்திருக்கிறார். அதை மூன்று செக்கனாக்கினால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். உங்கள் மாணவிகள் மனதுக்குள் எண்ணிக்கொண்டு, யார் எத்தனை செக்கன் பொறுத்தார் என்று குறித்துவரட்டும். ஆனால் ரீச்சரின் பெயரை எழுதக்கூடாது. உளவு பார்க்க வந்தவர்கள் என்ற எண்ணம் ஒரு பாடசாலையில் வந்துவிட்டால் அடுத்தமுறை கதவு திறக்காது.

அடியைப் பற்றி: அது அவரவர் அபிப்பிராயத்துக்கு விட்ட விஷயமல்ல. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆசிரியர் அடித்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது சித்திரவதையையும் இழிவாக நடத்துவதையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்து நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. சட்டத்தைச் சொல்லுங்கள், ஆனால் அந்தப் பிள்ளையை எல்லார் முன்னாலும் மடக்கவேண்டாம். 35 என்று எழுதிய பிள்ளைக்கு அடி எதைச் சொல்லிக்கொடுக்கும் என்று மட்டும் வகுப்பைக் கேளுங்கள்.

விலகுவதும், நியமனமும்

விலகுவதைப் பற்றி இந்தத் தவணை முடிந்த பிறகு யோசிக்கலாம். இரண்டு பேர் முறையிட்டதற்காக விலகினால், அடுத்து வருபவர் குறிப்பைச் சொல்லி எழுதவைத்துவிட்டுப் போவார். ஆனால் ஒன்று கவனியுங்கள். நியமனக் கடிதம், கொடுப்பனவு, மணித்தியாலம், பரீட்சைப் பொறுப்பு எதுவுமே எழுத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதே கேட்டு வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால், விலகும் யோசனைக்கு அது நல்ல காரணம். மற்றவை அல்ல.

நியமனத்தைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள், தாமதிக்காமல். தனியார் டிப்ளோமா ஒன்றை மட்டும் காட்டி அரசாங்கப் பாடசாலையில் ஆசிரியர் நியமனம் பெறமுடியாது. 1986ஆம் ஆண்டு 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள் ஒரு வழி: உயர்தரப் பெறுபேற்றை வைத்துத் தெரிவு, இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி. மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் அட்டாளைச்சேனையிலும் இருக்கின்றன. பட்டம் முடித்து, ஆட்சேர்ப்பு அறிவிக்கப்படும்போது போட்டிப் பரீட்சை எழுதுவது இன்னொரு வழி. உங்கள் டிப்ளோமா தனியார் பாடசாலையிலோ முன்பள்ளியிலோ வேலை தேடக் கைகொடுக்கலாம். அதற்கும், நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா, பதிவிலக்கம் என்ன என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

டைரக்டர் கோபிப்பாரா? நீங்கள் தனியாகப் போய் மாணவிகளிடம் சொன்னால் கோபிப்பார். முதலில் அவரிடமே, ‘சேர், விளம்பரத்தில் இல்லாத ஒன்றை இவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நிறுவனத்தின் பேரில் ஒரு பக்க அறிவித்தலாக நாமே கொடுத்துவிடுவோம்’ என்று சொல்லுங்கள். விளம்பரத்தில் அப்படி ஏதாவது எழுதியிருந்தால் அதன் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோட்டை அடகு வைத்த அந்தத் தாயை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, அவருடைய உயர்தரப் பெறுபேற்று வருடத்தையும் வயதையும் கேளுங்கள். எந்த வருடப் பெறுபேறு உள்ளவர்கள், எந்த வயதுக்குள், என்ன நிபந்தனையோடு விண்ணப்பிக்கலாம் என்பது கல்வியியற் கல்லூரிகளுக்கான வர்த்தமானி அறிவித்தலில் ஒவ்வொருமுறையும் வரும். அதை அவரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு, இரண்டாம் தவணைக் கட்டணத்தைக் கட்டுவதா இல்லையா என்று அவரே முடிவெடுக்கட்டும்.